சிறிய திசு ஆய்வகத்துக்கு எந்த டிஷ்யூ பிராசசர் பொருந்தும்?

வினா (ஆய்வகப் பொறுப்பாளர்):

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள தனியார் மருத்துவமனையின் ஹிஸ்டோபெத்தாலஜி (திசு நோயறிதல்) பிரிவைக் கவனித்து வருகிறேன். நாளொன்றுக்கு 30 கேசட்டுகளுக்கு (திசுத்துண்டு வைக்கும் சிறு பெட்டிகள்) மேல் வருவதில்லை. அவற்றில் பாதி எண்டோஸ்கோபி பயாப்ஸி (உள்நோக்கி வழியே எடுத்த சிறு திசு); மீதி கருப்பை, பித்தப்பை, குடல்வால், அவ்வப்போது மார்பகம். இதுவரை கேசட்டுகளைக் கையாலேயே ஒரு திரவத்திலிருந்து அடுத்ததற்கு (நீரை நீக்கும் ஆல்கஹால், அதை நீக்கும் சைலீன், இறுதியில் உருகிய மெழுகு) மாற்றி வந்தோம். இரவில் ஆள் தங்க இயலாததால் இந்த மாற்றும் வேலையைத் தானே செய்யும் டிஷ்யூ பிராசசர் வாங்க நிர்வாகம் இசைந்துள்ளது. கலன்கள் வட்டமாக நிற்க, கூடை ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும் திறந்த வகைக்கும், திசு ஒரே அறையில் இருக்கத் திரவங்கள் வந்துபோகும் மூடிய வெற்றிட வகைக்கும் விலைப்புள்ளி பெற்றுள்ளோம். எங்கள் ஊரில் இரவில் மின்தடை வருவதுண்டு. மேலும், மார்பகத் திசுவின் பிளாக்குகள் (மெழுகில் பதித்த கட்டிகள்) நடுவில் மென்மையாகவே நின்று, மைக்ரோடோமில் (மெல்லிய சீவல் வெட்டும் கருவி) வெட்டும்போது குழிந்துவிடுகின்றன. மூடிய வகையை வாங்கினால் இக்குறை தீருமா?

மறுமொழி 1 (மூத்த ஆய்வகநுட்பர்):

முதலில் அந்த மென்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குக் காரணம் பெரும்பாலும் கருவிக்கு முந்தைய கட்டத்தில்தான் இருக்கும். மார்பகத்தை முழுதாக, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் திரவம் கொழுப்பைக் கடந்து உள்ளே செல்வதற்குள் நடுப்பகுதி கெடத் தொடங்கிவிடும். வந்தவுடன் கீறிப் பிளந்து, திசுவின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு 10% நடுநிலை ஃபார்மலினில் வையுங்கள். கேசட்டில் இடும் துண்டு 3 முதல் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் ஏற்பிச் சோதனை (புற்றுச் செல்களில் ஹார்மோனை ஏற்கும் புரதம் உள்ளதா எனப் பார்ப்பது) செய்வதாயின் ஃபார்மலினில் இருக்கும் நேரம் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இவை சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் அந்தப் பிளாக்கைக் காப்பாற்றாது.

உங்கள் வேலைப்பளுவுக்குத் திறந்த வகையே போதும் என்பது என் கருத்து. 12 நிலைகள் கொண்ட வழக்கமான மாதிரியில் ஒரு கலன் ஏறத்தாழ 1.8 லிட்டர் பிடிக்கும். மெழுகுக்கு இரண்டை ஒதுக்கினால், மற்ற பத்துக்கும் சேர்த்து 18 லிட்டர் திரவம் போதும். மூடிய வகையில் ஒவ்வொரு புட்டியும் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். எத்தனால் வாங்க உரிமத்துக்கு அலைய வேண்டியிருப்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தும் நம் ஊர்ச் சிறிய ஆய்வகங்களுக்குங்கூட இந்தச் செலவு மாதந்தோறும் வரும் சுமையாகும்.

மறுமொழி 2 (நோய்க்குறியியல் மருத்துவர்):

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. திறந்த கருவியில் கூடை ஒரு கலனிலிருந்து எழுந்து அடுத்ததற்கு நகரும் அந்த நேரத்தில் மின்சாரம் நின்று, மாற்று மின்கலமும் இல்லையென்றால், நோயாளியின் ஒரே பயாப்ஸி காற்றில் தொங்கி உலர்ந்துபோகும். அதற்கு ஈடாக வேறெதையும் எடுத்துத் தர முடியாது. ஆகவே மின்தடையின்போது கூடையைத் தானே திரவத்துக்குள் இறக்கிவிடும் மின்கல வசதி இருக்கிறதா என்பதை விற்பனையாளரின் பேச்சை நம்பாமல், கூடை மேலே இருக்கும்போதே மின்செருகியைப் பிடுங்கி உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, ஃபார்மலின், சைலீன் ஆவி. புகைபோக்கி அமைப்போ வெளியேற்றும் விசிறியோ இல்லாத அறையில் இத்தகைய கருவியை வைப்பது அங்கே நாள் முழுதும் நிற்கும் பணியாளருக்குச் செய்யும் அநீதி.

வெற்றிடம் திசுவுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றித் திரவமும் மெழுகும் ஊடுருவ உதவுகிறது; நுரையீரலிலும் கொழுப்புத் திசுவிலும் வேறுபாடு தெரியும். திறந்த வகையிலும் வெற்றிட வசதி சேர்ந்த மாதிரிகள் கிடைக்கின்றன. அதற்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

வினவியவர்:

இருவருக்கும் நன்றி. யூபிஎஸ் வைத்துவிட்டால் மூடிய வகை மின்தடையைத் தாங்காதா? பயாப்ஸிகளையும் பெரிய திசுக்களையும் ஒரே சுற்றில் போடலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

மறுமொழி 1 (மூத்த ஆய்வகநுட்பர்):

சிறிது நேரத் தடையைத் தாங்கும். நீண்ட தடையில் 60 டிகிரி அளவில் உருகியிருக்கும் மெழுகு குழாய்களிலும் வால்வுகளிலும் உறைந்துவிட்டால், பொறியாளர் வரும்வரை கருவி நகராது. அவர் சென்னையிலிருந்து வர வேண்டுமென்றால் எத்தனை நாள் ஆகும் என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தாகவே பெறுங்கள். திறந்த வகையில் அந்தக் குழாய்களே இல்லை என்பதும் நான் அதைப் பரிந்துரைக்க ஒரு காரணம்.

பயாப்ஸியை மார்பகத்துக்குரிய இரவு முழுதான நீண்ட சுற்றில் போட்டால் அது வறண்டு, வெட்டும்போது உதிரும். பகலில் குறுகிய சுற்று ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் பழைய கலன்களே போதும், கருவி பழுதானால் அன்றைய கேசட்டுகளை முடிக்கவும் அவை பயன்படும். முதல் சைலீன் பால்போல் கலங்கினால் ஆல்கஹாலிலிருந்து நீர் வந்துவிட்டது என்று பொருள். அன்றே ஆல்கஹாலையும் சைலீனையும் மாற்றுங்கள். புதுக் கருவியில் முதலில் நோயறிதல் முடிந்து எஞ்சிய திசுக்களையே போட்டு, அதே திசுவைக் கையால் செய்த பிளாக்குடன் ஒப்பிட்டு, உங்கள் மருத்துவர் கண்ணாடித்தகடுகளைப் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே நோயாளிகளின் மாதிரிகளை அதில் இடுங்கள்.