பாடகர் குழுப் பொறுப்பு கைமாறிய பிறகு மனநிறைவு இல்லை, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துத் திருச்சபை எங்களுடையது. பல வருடமாக அங்கே பாடகர் குழுவை நடத்திவந்தேன். போன ஈஸ்டருக்குப் பிறகு அந்தப் பொறுப்பை இளைய தம்பி ஒருவரிடம் கொடுத்தார்கள். நன்றாகவே நடத்துகிறார், யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் பாட்டு தொடங்கினதுமே அவர் எங்கே சுருதி தவறுகிறார் என்றுதான் என் காது தேடுகிறது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் நெஞ்செல்லாம் வெறுமை.

தினமும் காலையில் வேதாகமத்தில் தாழ்மையைப் பற்றிச் சொல்லும் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்கிறேன். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்கிற 131-ஆம் சங்கீதம் மனப்பாடம். அதைச் சொல்லும் நேரம் அமைதி இருக்கிறது, ஞாயிறு வந்தால் போய்விடுகிறது. சபைப் போதகரான ஐயரிடமும் பேசினேன், ஜெபித்தார். தாழ்மையான வேலை செய்தால் மனம் அடங்கும் என்று சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் சோற்று அண்டா தேய்க்கப் போனேன். கையெல்லாம் கரி, கண் மட்டும் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதுதான் என்னை ரொம்பவும் வருத்துகிறது. அப்போஸ்தலன் பவுல் சிறையில் கட்டுண்டிருந்தபோது அல்லவா மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, கற்றுக்கொண்டேன் என்று எழுதினார் (பிலி. 4:11)! கற்றுக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

சபை மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த எண்ணம் எனக்கு இல்லை.

பொறுப்பை விட்டபின் அதே சபையில் நிறைவோடு உட்காரப் பழகியவர்களுக்கு, அன்றாடம் செய்த எந்தப் பழக்கம் கைகொடுத்தது?