சிறுவிமானத்தில் போய் இறங்கிய இடங்கள்: அனுபவப் பகிர்வு

நாமே ஓட்டிச் செல்லும் சிறுவிமானத்துக்கு ஏற்ற சுற்றுலா இடம் எது என்று கேட்டால், ஊரைத் தேடுவதற்கு முன்னால் ஓடுதளத்தைத் தேடுங்கள் என்பேன். இறங்கிய பிறகும் வண்டி பிடித்து நெடுந்தூரம் போக வேண்டிய இடத்துக்கு வீட்டிலிருந்தே வண்டியில் போய்விடலாம். இறங்குவதிலேயே பாதி மகிழ்ச்சி கிடைத்துவிட வேண்டும். அந்த வகையில் நான் முதலில் வைப்பது கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் இருக்கும் கேட்டலினா தீவை.

அங்குள்ள விமான நிலையத்துக்கு ‘வானத்து விமான நிலையம்’ என்ற பட்டப்பெயர் உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே 1,602 அடி உயரத்தில், மலை உச்சிகளைச் சீவி இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பி, ஏறத்தாழ 3,000 அடி நீளத்துக்கு ஓடுதளம் அமைத்திருக்கிறார்கள். பழுதடைந்து கிடந்த அதை 2019-ல் அமெரிக்கக் கடற்படையினரும் மரீன் படையினரும் கான்கிரீட் போட்டுப் புதுப்பித்தார்கள். அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 20 கடல்மைல் தண்ணீரை ஒற்றை என்ஜினை நம்பிக் கடக்க வேண்டும். என்ஜின் நின்றுபோனால், நான்கு பேர் அமரும் ஒற்றை என்ஜின் சிறுவிமானமான செஸ்னா 172 ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரைக் கடல்மைல் மிதந்து செல்லும் என்பதால், காற்று பெரிதாக எதிர்க்காத நாளில் 8,500 அடியில் கடப்பவர் எந்த இடத்திலும் இரண்டு கரைகளில் ஒன்றை எட்டிவிடலாம். 3,000 அடியில் கடப்பவருக்கு அந்த வசதி கிடையாது. (இந்தச் சிறிய தூரத்துக்கு இவ்வளவு உயரம் ஏறுவானேன் என்று சலித்துக்கொள்பவர்களை நான் என் விமானத்தில் ஏற்றிக்கொள்வதில்லை.)

இறங்கும் கட்டம்தான் இன்னும் சுவையானது. 22-ஆம் எண் ஓடுதளத்தின் (தென்மேற்கு நோக்கி இறங்கும் பக்கம்) தொடக்கம் செங்குத்தான சரிவின் விளிம்பில் இருப்பதால், மேற்கிலிருந்து வீசும் காற்று ஓடுதளத்தைத் தாண்டியதும் சரிவோடு கீழே இறங்கி, கடைசி நேரத்தில் விமானத்தையும் சேர்த்து அழுத்தும். என்ஜின் விசையைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, சற்று உயரமாகவே வருவது நல்லது. சக்கரம் தரையைத் தொட்டதும் அடுத்த வேடிக்கை தொடங்கும். ஓடுதளத்தின் முதல் பகுதி மேல்நோக்கி ஏறிப் பிறகு சமமாவதால், எதிரே ஒரு மேடும் அதற்கு அப்பால் வானமும் மட்டுமே தெரிகின்றன. ஓடுதளம் அங்கேயே முடிந்து மலை விழுந்துவிடுகிறது என்று கண் சொல்கிறது. புதிதாக வருபவர்கள் பிரேக்கை மிதித்து டயரைத் தேய்ப்பது இந்த இடத்தில்தான். மேட்டைக் கடந்ததும் மிச்ச ஓடுதளம் நிதானமாகக் கண்முன் விரிகிறது. மறுமுனையில் நிற்கும் விமானமும் இதே காரணத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ரேடியோவில் நம் இருப்பை அறிவித்துக்கொண்டே இருப்பது அங்கே கட்டாயத் தேவை. தீவில் திரியும் காட்டெருமைகள், 1924-ல் திரைப்படப் படப்பிடிப்புக்காகக் கொண்டுவரப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். அவற்றைப் பார்க்கும் ஆவலில் தாழப் பறந்துவிடாதீர்கள்.

* * *

கேட்டலினாவைப் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. கண்ணை ஏமாற்றும் ஓடுதளத்தை நீங்கள் சொன்னீர்கள். உயரமானியைத் திணற வைக்கும் ஓடுதளங்கள் இரண்டை நான் சொல்கிறேன்.

முதலாவது, டெத் வேலிப் பள்ளத்தாக்கில் உள்ள ஃபர்னஸ் கிரீக். அந்த ஓடுதளம் கடல்மட்டத்துக்கு 210 அடி கீழே இருக்கிறது. உயரமானியில் அன்றைய காற்றழுத்தத்தைச் சரியாகப் பொருத்திவிட்டு இறங்கினால், நூறடிகளைக் காட்டும் நீண்ட முள் பூச்சியத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போய் எட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும். ஆயிரமடிகளைக் காட்டும் குட்டை முள்ளோ பத்தாயிரம் அடியை நெருங்கிவிட்டதுபோல் ஒன்பதைத் தாண்டி நிற்கும். நிற்கும் விமானத்தில் அமர்ந்துகொண்டு அந்த முகப்பைப் படமெடுக்காத விமானியை நான் இன்னும் பார்க்கவில்லை. கோடைக்காலத்தில் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். குளிர்காலக் காலைப் பொழுதுதான் அதற்கு உரியது.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில், வட அமெரிக்காவிலேயே மிக உயரமான இடத்தில் இருக்கிறது. அங்கே இறங்கியதற்குச் சான்றிதழ் ஒன்று தருகிறார்கள். பலர் அதற்காகவே போகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் காற்றின் அடர்த்தியைக் கணக்கிடாமல் போவது மிகப் பெரிய தவறு. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸாக இருந்தால், அந்த ஓடுதளத்தில் நிற்கும் விமானம் ஏறத்தாழ 13,000 அடியில் பறப்பதைப்போலவே நடந்துகொள்ளும். செஸ்னா 172-இன் உச்ச உயர வரம்பே 14,000 அடியை ஒட்டித்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஏறுவதற்கு எவ்வளவு குறைந்த வலிமை மிச்சமிருக்கிறது என்று புரியும். ஆகவே நான் விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிடும்படி திட்டமிட்டேன். டாங்கியை நிரப்பிக்கொள்ளவில்லை, கூட ஒருவருக்கு மேல் ஏற்றிக்கொள்ளவும் இல்லை. ஓடத் தொடங்கும் முன்பே எரிபொருள் கலவையை மெலிதாக்கிக்கொள்ள (காற்றோடு சேரும் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள) வேண்டும். கடல்மட்டத்துப் பழக்கத்தில் அதைச் செழுமையாக வைத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு என்ஜின் முழு வலிமையைத் தராது.

* * *

ஐயா, சான்றிதழ் எதுவும் தராத இடம் ஒன்றைச் சொல்லட்டுமா? வட கரோலினாவின் கில் டெவில் ஹில்ஸில், ரைட் சகோதரர்களின் நினைவிடத்தை ஒட்டியே 3,000 அடி ஓடுதளம் இருக்கிறது. பெட்ரோல் கிடையாது, இரவு விளக்கும் கிடையாது. விமானத்தை ஒரு நாளுக்கு மேல் நிறுத்தி வைக்கவும் கூடாது. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் பறந்த நான்கு பறப்புகளின் முடிவிடங்களையும் கற்கள் நட்டு அடையாளமிட்டிருக்கிறார்கள். முதல் பறப்பு 120 அடி, நான்காவது 852 அடி. என்னுடைய 172 தரையை விட்டு எழும்புவதற்கு ஓடும் தூரமே அந்த நான்காவது பறப்பைவிட அதிகம். கற்களை நடந்து பார்த்துவிட்டு வந்து புறப்பட்டபோது, சக்கரங்கள் எழும்பும் வரைக்கும் எனக்கு வேறு நினைவே வரவில்லை.

* * *

எல்லோரும் ஆளில்லாத ஓடுதளங்களைச் சொல்கிறீர்கள். நான் கூட்டத்தை விரும்புகிறவன். ஜூலை மாதக் கடைசியில் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் நகரில் நடக்கும் விமானத் திருவிழாவுக்குத் தாமே ஓட்டிக்கொண்டு வருபவர்களின் எண்ணிக்கை மிகுதி என்பதால், அந்த வாரத்துக்கென்றே தனி நடைமுறை உண்டு. அந்த அறிவிப்பைப் படிக்காமல் போகிறவர்கள் தமக்கு மட்டுமல்லாமல் பின்னால் வருகிற எல்லோருக்கும் தொல்லை தருகிறார்கள்.

ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் வரைக்கும் தண்டவாளத்துக்கு நேர் மேலே, 1,800 அடியில், 90 நாட் (மணிக்கு 90 கடல்மைல்) வேகத்தில், முன்னால் போகிற விமானத்துக்கு அரை மைல் பின்னால், ஒற்றை வரிசையாகப் பறந்து போக வேண்டும். ஃபிஸ்கில் தரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளர்கள், பதிவெண்ணைக் கேட்காமல், நிறத்தையும் இறக்கையின் அமைப்பையும் சொல்லியே நம்மை அழைப்பார்கள்: “வெள்ளை நிற மேலிறக்கை விமானம், இறக்கையை ஆட்டுங்கள்.” நாம் வாயைத் திறக்கக் கூடாது; இறக்கையை நன்றாக ஆட்டிக் காட்டுவதுதான் பதில். அதன்பின் எந்த ஓடுதளம் என்று சொல்லி, எந்த அலைவரிசைக்கு மாற வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். ஓடுதளத்தின்மேல் பெரிய வண்ணப் புள்ளிகள் இருக்கும். எனக்குப் பச்சைப் புள்ளியில் இறங்கச் சொன்னார்கள். அதே நேரத்தில் எனக்கு முன்னால் போனவர் அதே ஓடுதளத்தின் தொலைவான புள்ளியில் இறங்கிக்கொண்டிருந்தார். சாதாரண நாளில் இப்படி நடந்தால் யாரும் இறங்க மாட்டார்கள்.

போக நினைப்பவர்கள் வீட்டருகே உள்ள ஓடுதளத்தில் இரண்டு வேலைகளைப் பழகிக்கொள்ளுங்கள்: உயரத்தை இழக்காமல் 90 நாட்டிலேயே நெடுநேரம் பறப்பது, சொன்ன இடத்தில் சக்கரத்தை வைப்பது. நிறுத்த வேண்டிய பகுதியைக் குறிக்கும் அட்டையைப் பெரிய எழுத்தில் எழுதி, இறங்கியதும் முன்கண்ணாடியில் காட்டத் தயாராக வையுங்கள். தரையில் கொடி காட்டுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வழி விடுவார்கள். விமானத்தைக் கட்டிவைக்க முளைக்குச்சியும் கயிறும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.