சிங்கள உபதலைப்பு செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பெண்களின் நுண்கடன் (சிறு தொகைக் கடன்) பற்றி ஆவணப்படம் எடுத்து வருகிறேன். பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. கல்யாண வீட்டு வீடியோ எடுத்த காசில்தான் வேலை ஓடுகிறது. அந்தக் கடனுக்கு வாராவாரம் தவணை. சேர்ந்து கடன் எடுத்த குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்ததே என்று கேட்டால் அக்காமார் சிரிக்கிறார்கள். முகம் காட்ட விரும்பாதவர்களின் கைகளை மட்டும் எடுத்தேன். படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, தேவை: 40 நிமிடப் படத்துக்குச் சிங்கள உபதலைப்பு. மட்டக்களப்புப் பேச்சு விளங்க வேண்டும், ‘மறுகா’வை அகராதியில் தேட முடியாது. அப்புறம், வாவிக்கரைக் காற்றில் குரல் அடிபடுகிறது. கொலர் மைக் ஒன்று இரண்டு நாளைக்கு இரவல் கிடைக்குமா? கொஞ்சம் காசு தரலாம், அதிகமில்லை. உள்பெட்டிக்கு வாருங்கள்.