சீகை மரத்திற்காக வாதாடுவது எப்படி?

கேள்வி (கொடைக்கானல்): 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்; சீயக்காய் அல்ல) மரங்களை வெட்டி அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அடுத்த வாரக் கூட்டத்தில் ‘வெட்டக் கூடாது’ என்னும் தரப்பை நான் முன்வைக்க வேண்டியுள்ளது. விறகுத் தேவையிலிருந்து தொடங்கலாமா?

மறுமொழி 1: வேண்டாம், அது தாங்கள் எளிதில் வீழ்த்தக்கூடிய வாதம். மண்ணில் பல்லாண்டுகள் உறங்கும் சீகை விதைகள், மரத்தை வெட்டி வெயில் பட்டவுடன் புதராக முளைக்கின்றன. மாறாக, பழனி மலையின் சில இடங்களில் முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை (மலையின் இயல்பான பசுமைக்காடு) மரக்கன்றுகள் தாமாகவே வளர்கின்றன. ‘வெட்டக் கூடாது’ என்போரின் உண்மையான வலிமை இதுதான்.

மறுமொழி 2 (உதகை): எழுதியதை அத்தரப்பினர் ஒருவரிடமே படிக்கக் கொடுங்கள். நான் அவ்வாறு கொடுத்தபோது, ‘இது எங்கள் வாதமே அல்ல’ என்று திருப்பித் தந்துவிட்டார், வெட்கமாகத்தான் இருந்தது.

கேட்டவர்: நன்றி ஐயா. எழுதிப் பார்த்தேன். புல்வெளி ஒருபோதும் காடாக இருந்ததில்லை என்று கருதும் இடங்களில் என் கருத்து மாறவில்லை. சோலையோரச் சீகையைப் பொறுத்தவரை என்னிடம் இப்போது மறுப்பு இல்லை.