2025 மார்ச் 28 பர்மா நிலநடுக்கத்துக்கு அப்புறம் மாந்தலேல எங்க கிணத்துல தண்ணி ஏறிடுச்சு, ஏன்னு யாராவது சொல்லுங்க

மாந்தலே பேரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்குப் பின்னாடி தாத்தா காலத்து உறைக்கிணறு இருக்கு. அன்னைக்கு மத்தியானம் 12:50க்கு நில ஆட்டம் வந்தப்ப அப்பா கிணத்தடியில தான் நின்னாரு, தண்ணி தளும்பி உறையில மோதுற சத்தம் கேட்டுச்சாம். சாயங்காலம் எட்டிப்பாத்தா தண்ணி மூணு உறை மேல ஏறி நிக்குது, டீத்தண்ணி மாதிரி கலங்கல் வேற. பங்குனி வெயில்ல எறங்க வேண்டிய தண்ணி எப்படி ஏறும்? நாலு வீடு தள்ளி ஒரு அக்கா வீட்ல அவிசித்துவின் (போர் போட்ட ஆழ்குழாய்க் கிணறு) இருக்கு, அங்க மோட்டார் போட்டா வெறும் காத்து தான் வருது. ஒரே தெருவுல ஒண்ணு ஏறுது ஒண்ணு எறங்குது. இன்னொரு பெரிய ஆட்டத்துக்கு இது அறிகுறின்னு தெருவுல பேசிக்கிறாங்க, பத்து நாளா வெளிய பாய் போட்டு தான் படுக்கிறோம், அம்மாவுக்கு பிரஷர் ஏறிடுச்சு. கிணறு முன்கூட்டி சொல்லுமா?

போர் அண்ணன், ரங்கூன்
தம்பி, இருபது வருஷமா போர் போடுற வேலை தான் எனக்கு. மொதல்ல உங்க கிணறு. படியில அரிசிய போட்டு தட்டுனா அரிசி எறங்கி நெருங்கிக்கும்ல, ஐராவதி கொண்டாந்து போட்ட மணலும் அப்படித்தான், ஆட்டத்துல மணல் நெருங்கினா நடுவுல இருந்த தண்ணிக்கு எடம் இல்லாம மேல தள்ளும். ஆத்தோரமா வயல்ல மணலும் தண்ணியும் கொப்பளிச்சு வந்துச்சே, அதுவும் இதே கதை தான். கலங்கல், அடியில படிஞ்ச வண்டல் கிளம்புனதால.

அக்கா வீட்டு போருக்கு தண்ணி போயிடுச்சுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. பைப் ஜாயின்ட் விட்டிருக்கலாம், கேசிங் (போரோட வெளிக்குழாய்) ஒடிஞ்சிருக்கலாம், ஃபில்டர்ல நைஸ் மணல் அடைச்சிருக்கலாம். கயித்துல கல்லு கட்டி எறக்கி மொதல்ல மட்டத்த பாருங்க. மட்டம் இருந்தா கோளாறு பம்புல தான். புதுசா போர் போட சொல்லி யாராவது வந்தா அவசரப்பட்டு பணம் குடுக்காதீங்க, இந்த நேரத்துல அப்படி நிறைய பேர் ஏமாந்து நிக்கிறாங்க, மனசு கேக்க மாட்டேங்குது.

கல்லும் மண்ணும்
அண்ணன் சொன்னது சரி, கூட ஒண்ணு சேத்துக்கிறேன். நான் ஜியாலஜி படிச்சவ. மாந்தலே பக்கமா வடக்கு தெற்கா ஓடுற சகாயிங் நிலப்பிளவுல ரெண்டு பக்கமும் பக்கவாட்டுல நழுவுது, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நகர வேண்டியது பூட்டிக்கிட்டு நின்னு, மார்ச் 28ல 7.7 அளவுல ஒரேயடியா பல மீட்டர் நழுவிடுச்சு. அப்படி நழுவும்போது சில எடத்துல பூமி அமுங்கும், சில எடத்துல இழுபடும். ஈரத்துணிய பிழிஞ்சா தண்ணி வெளிய வரும், கைய விட்டா திரும்ப உறிஞ்சிக்கும், அதே தான் பாறைக்கும். அமுங்குன பக்கம் மட்டம் ஏறும், இழுபட்ட பக்கம் எறங்கும். 2000ல ஐஸ்லாந்துல இதே மாதிரி பக்கவாட்டு நழுவல்ல கிணறுங்க இப்படியே நாலு பங்கா பிரிஞ்சு ஏறி எறங்குனத அளந்திருக்காங்க. ஆனா உங்க தெருவுல நாலு வீட்டுக்குள்ள இருக்கிற வித்தியாசத்துக்கு இது காரணமா இருக்காது, உங்க உறைக்கிணத்துல இருக்கிற மேல் தண்ணி வேற, போர் எடுக்கிற, களிமண்ணுக்கு கீழ அடைபட்ட ஆழத்து தண்ணி வேற.

அந்த அடைபட்ட தண்ணி எவ்வளவு நுணுக்கமா அசையும்னா, சந்திரன் இழுக்கிற இழுப்புக்கே தினம் ரெண்டு தடவ சில சென்டிமீட்டர் ஏறி எறங்கும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்துல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அமெரிக்காவோட தெற்கு டகோட்டாவுல ஒரு கிணத்துல தண்ணி 7 மீட்டர் ஆடுச்சு.

முன்கூட்டி சொல்லுமான்னு கேட்டீங்க. 1975ல சீனாவுல ஹைசெங்ல கிணத்து தண்ணி மாறுனதையும் சின்னச்சின்ன ஆட்டங்களையும் வச்சு ஜனங்கள முன்னாடியே வெளியேத்துனாங்க. அடுத்த வருஷமே டாங்ஷான்ல எச்சரிக்கை எதுவும் வரல, ரெண்டு லட்சத்துக்கு மேல செத்தாங்க. மழை, பக்கத்து வீட்டு மோட்டார், காத்தழுத்தம் எல்லாமே மட்டத்த மாத்தும், அதனால உங்க கிணறு காட்டுறது நடந்து முடிஞ்சது தான். சுவர் விரிஞ்ச வீட்டுக்குள்ள மட்டும் போகாதீங்க, பின்னதிர்வு மாசக்கணக்கா வரும், அதுக்கு கிணத்த பாக்க வேண்டியதில்ல.

பெகு அக்கா
எங்க பாட்டி 1930 மே மாசத்து ஆட்டத்த பாத்தவங்க, எங்க பெகுல ஷ்வேமாதோ புத்தர் கோயில் விழுந்துச்சே அது. வயக்காடு வெடிச்சு மணலும் தண்ணியும் முழங்கால் ஒசரத்துக்கு பீச்சுச்சுன்னு சொல்லுவாங்க, அப்ப கதைன்னு நெனச்சேன், இப்ப தான் புரியுது. தம்பி, அந்தத் தண்ணிய குடிக்காதீங்க. கக்கூஸ் தொட்டி விரிஞ்சிருந்தா கிணத்துல கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தெளிய வச்சு, துணியில வடிகட்டி, நல்லா கொதிக்க வச்சாவது குடுங்க, அம்மாவுக்கு முக்கியமா.

மாந்தலே பேரன்
ரொம்ப நன்றி அண்ணே, அக்காங்களா. இன்னைக்கு காலையில கல்லு கட்டி எறக்கிப் பாத்தோம், அக்கா வீட்டு போர்ல மட்டம் இருக்கு, பைப் தான் உள்ள விட்டிருக்கு. எங்க கிணத்துல ஒரு உறை எறங்கிடுச்சு. கயித்துல முடிச்சு போட்டு தினம் காலையில ஆறு மணிக்கு அளந்து அப்பா காலண்டர்ல எழுத ஆரம்பிச்சிட்டாரு, யாரும் மோட்டார் போடுறதுக்கு முன்னாடி.