மறு: ஆற்றுச் சால்மன் தூண்டில்: நரம்பும் பின்னலும்

> மோனோஃபிலமென்ட் = ஒற்றையிழை, பிரெய்டட் லைன் = முறுக்கிழை. ஒப்புதலா?

வணக்கம்.

'முறுக்கிழை' வேண்டாம் ஐயா. புரிகளைத் திரித்து முறுக்கினால் அது கயிறு. பிரெய்டட் லைன் என்னும் இந்தத் தூண்டில் நூலில் 4 அல்லது 8 இழைக்கற்றைகள் ஒன்றன் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகின்றன. அது பின்னல்தான். சடைக்குச் சொல்வதுபோல் '4 கால் பின்னல்', '8 கால் பின்னல்' என்று எழுதலாம். எட்டுக் கால் உருண்டு வழவழப்பாக இருக்கும், தூண்டில்கோலின் வளையங்களில் சத்தமின்றி ஓடும். ஒரே தடிமனில் நாலு காலின் ஒவ்வொரு கற்றையும் பருமன் என்பதால் பாறை உரசலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

'ஒற்றையிழை'யிலும் ஒரு சிக்கல் உண்டு. நைலானைப் போலவே தூண்டில் நூலாகும் ஃப்ளூரோகார்பன் என்னும் பிளாஸ்டிக்கும் ஒற்றையிழையே. ஆகவே மீனவர் சொல்லான 'நரம்பு' பொதுப்பெயராக இருக்கட்டும். நைலான் நரம்பு, ஃப்ளூரோகார்பன் நரம்பு என்று பிரிப்போம். இலங்கை வழக்கான 'தங்கூசி'யையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

> வாசகர் எதை வாங்குவது என்பதற்கு இந்தப் பெயர்கள் உதவுமா?

உதவும், கலைச்சொல் பதிவில் ஒவ்வொரு நூலின் நடத்தையையும் சேர்த்தால். நைலான் நரம்பு அறுவதற்குள் 20 சதவீதத்துக்கு மேல் நீளும். பின்னல் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம்தான். ஈயக்குண்டு ஆற்றடிக் கற்களில் தட்டிக்கொண்டே உருளும் முறையில் அந்தத் தட்டல் கைக்கு வர வேண்டும், அதற்குப் பின்னல். தக்கை முறைக்கும் பின்னலே. பின்னல் செய்யப்படும் பாலிஎத்திலீனின் அடர்த்தி 0.97 (நீருக்கு 1), அதனால் மிதக்கும். நீர்மேல் வளைந்து கிடக்கும் நூலைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் போட்டுவிடலாம். நைலான் 1.14. மெல்ல அமிழ்ந்து, ஓட்டம் இழுக்க, தக்கை பக்கவாட்டில் போய்விடும், இரை இயல்பாக நகராது.

நீரோட்டத்துக்கு எதிரே நிறுத்தி ஆடவிடும் செயற்கை மீனுக்கு மட்டும் நான் நைலான் நரம்பையே சொல்வேன். சால்மன் அதைக் கவ்வித் திரும்பும்வரை நரம்பு நீண்டு கொடுக்கிறது. பின்னல் அந்த நொடியிலேயே முள்ளை வாயிலிருந்து பிடுங்கிவிடும்.

பின்னலின் பெருங்குறை, விறைத்த நிலையில் பாறை விளிம்பில் உரசினால் கற்றை கற்றையாக அறுவது. எனவே நுனியில் 1 மீட்டருக்குக் குறையாமல் 15–20 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு கட்ட வேண்டும். ரீலிலிருந்து வரும் முதன்மை நூல் 30 பவுண்டு பின்னல்: தடிமன் சுமார் 0.28 மி.மீ., நைலானில் அதே தடிமன் 8–10 பவுண்டுதான். நுனி வலுக்குறைவாக இருப்பதால் முள் கல்லில் மாட்டினால் அதுமட்டும் அறும். அப்போதும் பின்னலைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, விரலை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றி இழுக்கவும்.

இணைப்புக்கு இரட்டை யூனி முடிச்சு: வழுக்கும் பின்னல் பக்கம் 8 சுற்று, நரம்புப் பக்கம் 5. நனைத்த பிறகே இறுக்க வேண்டும். ரீலில் முதல் சில சுற்று நைலானாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னல் முழுச் சுருளும் அச்சில் வழுக்கிச் சுழலும், மீன் இழுக்கையில் நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. உறைபனிக் காலத்தில் பின்னல் நீரைச் சுமந்து வந்து வளையங்களில் பனிக்கட்டி கட்டும். அந்த நாட்களில் நரம்பே நல்லது.

> லீடர் = முன்னரம்பு?

'முன்னர் அம்பு' என்று படிக்க இடம் தருகிறது. நுனியில் கட்டும் அந்த நரம்புக்கு 'நுனிநரம்பு' என்று வைக்கலாம். ரீலில் கிடந்து நைலான் சுருண்டே நிற்கும் குணத்துக்கு, ஆங்கில 'மெமரி'யின் நேர்பெயர்ப்பான 'நினைவு' பொருந்தவில்லை. 'சுருள்பிடிப்பு' என்று முன்மொழிகிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.