மாருதி 800: பிரேக் மிதித்தால் வலப்பக்கப் பின்விளக்கு மங்குகிறது

அம்பாசமுத்திரத்திலிருந்து:
எங்கள் வண்டி 1998 மாடல் மாருதி 800. பார்க் லைட் மட்டும் போட்டால் பின்னால் இரண்டு பக்கமும் ஒழுங்காக எரிகிறது. பிரேக்கை மிதித்ததும் இடப்பக்கம் பளிச்சென்று எரிய, வலப்பக்கம் மங்கிவிடுகிறது. கூடவே அந்தப் பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பல்பும் புதிது. பட்டறையில் பின்பக்க ஒயரிங் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். அப்பா விடியுமுன் சேரன்மகாதேவி சாலையில் போகிறவர்; பின்னால் வரும் லாரிக்குப் பிரேக் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

வள்ளியூரிலிருந்து:
பல்பை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். அது இரட்டை இழை பல்பு, 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்குக்கு. பக்கவாட்டுக் குமிழ் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. அழுத்தித் திருப்பி மாற்றிப் போட்டிருந்தாலும் இப்படிக் குழப்பும். இல்லையென்றால் எல்ஈடி போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து:
எல்ஈடி வேண்டாம் அண்ணாச்சி, நோய் பல்பில் இல்லை. இண்டிகேட்டர் கூடவே எரிகிறது என்றீர்களே, அதுதான் அடையாளம். எர்த், அதாவது பல்பிலிருந்து மின்சாரம் வண்டி பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. 5 வாட் இழை அரை ஆம்பியர்கூட இழுக்காது. துருப்பிடித்த எர்த்திலும் ஒப்பேற்றிவிடும். 21 வாட் இழைக்கு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் வேண்டும். அவ்வளவும் அந்த வழியே திரும்ப முடியாததால், பக்கத்து இண்டிகேட்டர் இழை வழியாகப் புகுந்து போகிறது. இடப்பக்கம் நன்றாக எரிவதால் ஃபியூஸையும் பிரேக் சுவிட்சையும் சந்தேகப்பட வேண்டாம்.

ஒயரிங்குக்குக் காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள். நீளமான ஒயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் பிரச்சினைதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி நின்றதா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
நின்றது, டிக்கி வரை தண்ணீர். நீங்கள் சொன்னபடி ஒயர் வைத்ததும் இடப்பக்கத்துக்குச் சமமாக எரிந்தது! இண்டிகேட்டரும் அணைந்துவிட்டது. எர்த் ஒயரைத் தொடர்ந்து போனால், டிக்கி அட்டைக்குப் பின்னால் பாடியோடு முறுக்கிய போல்ட்டைச் சுற்றி ஆற்று வண்டல் காய்ந்து அப்பியிருக்கிறது. போல்ட் துரு, ஒயர் முனையிலுள்ள உலோக வளையம் (லக்) பச்சை பூத்திருக்கிறது. இனி என்ன செய்ய?

பாளையங்கோட்டையிலிருந்து:
முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள். பெயிண்ட் மேலேயே முறுக்கினால் பலன் இல்லை. பழைய லக்கை வெட்டிவிட்டு ஒயரைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். வெள்ளம் பார்த்த ஒயரில் உறைக்குள்ளேயே செம்பு கறுத்திருக்கும். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் புது லக் போடுங்கள், நீளம் குறைந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். புது போல்ட் முறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள், மழை ஈரம் ஏறாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
முடித்துவிட்டேன் அண்ணாச்சி, செம்பு அப்படியே கரிபோல இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். மிக்க நன்றி.

வள்ளியூரிலிருந்து:
நல்லது. இடப்பக்க போல்ட்டும் அதே தண்ணீரில்தானே நின்றது? அதையும் இப்போதே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.